பயிர்க் காவலும் துவக்கின் தொலைநோக்கியும்

மதுரங்குளியைச் சுற்றிக் கமஞ்செய்வோருக்கு நோயும் பூச்சியும் மட்டும் பகையல்ல. நான்கு காலால் நடந்து வரும் பகையும் உண்டு. கதிர் பால்பிடிக்கும் வேளையிலே காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓரிரவு வயலில் இறங்குமாயின், அது தின்று தீர்ப்பதிலும் மிதித்துப் புரட்டி அழிப்பதே அதிகமாகும். மேட்டுக் காணிகளில் மரவள்ளி, வற்றாளை, கச்சான் ஆகியவற்றை மூக்கினாற் கிளறிப் போட்டுவிடும். விடிந்தபின் பாத்தியைப் பார்க்குங் கமக்காரனின் மனநிலையை நாம் விரித்துக் கூறவேண்டியதில்லை.

இதனால், அநுமதிப்பத்திரம் பெற்றுப் பயிர்ப்பாதுகாப்புத் துவக்கு வைத்திருப்போர் சிலர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர். "துவக்கின் மேலே தொலைநோக்கி பூட்டினால் இருட்டிலும் தவறாமற் சுடலாமாமே, எதை வாங்கலாம்?" என்பதே அக்கேள்வி. விவசாயப் பாடசாலையில் எமக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்பித்தார்களேயன்றித் துவக்குப் பிடிக்கக் கற்பிக்கவில்லை. ஆயினும் ஒரு கருவியை வாங்குமுன் அது எவ்வாறு வேலை செய்கிறது, நமது தேவைக்குப் பொருந்துமா என்று ஆராய்வது தெளிகருவிக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் போலவே இதற்கும் பொருந்தும். நல்லதொரு தொலைநோக்கி ஒரு போகத்து வெங்காய இலாபத்தை விழுங்கிவிடக்கூடியது. மலிவானதோ அதனிலும் கேடானது; அதை நம்பி விடும் வெடி எங்கே போய்ப் படுமென்று சொல்ல முடியாது.

துவக்கு எவ்வகையென முதலில் அறிக

நமது கமக்காரர் கையிற் பொதுவாகக் காணப்படுவது 12 போர் வேட்டைத் துவக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குள் அளவாக அமையுமோ அக்குழலே 12 போர் எனப்படும். அதன் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். குழலின் உட்புறம் வழுவழுப்பானது. ஒரு தோட்டாவிலிருந்து பல சன்னங்கள் ஒரே வேளையிற் புறப்பட்டு, போகப்போக விரிந்து செல்லும்.

ரைபிள் என்பது வேறு. அதன் குழலின் உட்புறத்தில் திருகுசுருளாக வரிகள் வெட்டப்பட்டிருக்கும். ஒற்றைக் குண்டு அவ்வரிகளாற் சுழன்று, பம்பரம்போல் நிலைதவறாது வெகுதூரஞ் செல்லும். ரைபிள்களிற் சிறு குழல், நடுத்தரக் குழல், பெருங் குழல் என்ற பிரிவுகள் உண்டு. நடுத்தரக் குழலுக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள் இரண்டு: ஒன்று பேர்லின் நகரத் துவக்குத் தொழிலாளி ஒட்டோ பொக் என்பார் 1905இல் ஆக்கிய 9.3 மில்லிமீற்றர்த் தோட்டா. மற்றையது இலண்டன் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனம் 1912இல் வெளியிட்ட.375 அங்குலத் தோட்டா. முன்னையது ஆபிரிக்காவிற் குடியேறிய ஜெர்மானியக் கமக்காரர்களுக்காகவே உருவாக்கப்பட்டது என்பது நமக்குச் சுவையான செய்தி. அவர்களுடைய காணிகள் பரந்தவை; அயல்வீடு பல மைல்களுக்கு அப்பால். நமது நிலைமை அதுவன்று. புத்தளத்திற்கும் சிலாபத்திற்கும் இடையே பெருந்தெருவும் புகையிரதப் பாதையும் ஓடுகின்றன. அவற்றின் இருமருங்கும் வீடுகளும் தென்னந்தோட்டங்களும் நெருங்கியுள்ளன. சில கிலோமீற்றர் தூரம் பறக்கக்கூடிய ரைபிள் குண்டுக்கு இச்சமநிலத்திலே தடுப்பாக ஒரு குன்றுகூட இல்லை. ஆகவே ரைபிளை நாம் பரிந்துரைப்பதில்லை. எனினும் தொலைநோக்கியின் கணக்கு முழுவதும் ரைபிளுக்கென்றே பிறந்ததாதலின், அதை அறிந்துகொண்டு பின்னர் நமது துவக்கிற்கு வருவோம்.

தொலைநோக்கியின் கணக்கு

தொலைநோக்கியின்மேல் "4 x 32", "3-9 x 40" என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெண் உருப்பெருக்கம், அதாவது பொருளை எத்தனை மடங்கு பெருப்பித்துக் காட்டும் என்பது. "3-9" என்றால் 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை திருப்பி மாற்றலாம் என்பது கருத்து. இரண்டாம் எண் முன்புற வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில்.

விற்பனையாளர் பெரிய எண்ணையே புகழ்வர். 9 மடங்கு என்றால் 4 மடங்கிலும் சிறந்ததென்று வாங்குவோரும் நினைப்பர். இங்கேதான் ஏமாற்றம் நேர்கிறது. உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வையின் அகலம் குறையும். 9 மடங்கில் 100 மீற்றர் தூரத்திற் காணப்படும் அகலம் ஏறத்தாழ 4 மீற்றர். ஆகவே 30 மீற்றர் தூரத்தில் 1.2 மீற்றர் மட்டுமே. வளர்ந்த பன்றி ஒன்றின் உடல் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. அப்படியாயின் உங்கள் கண்ணுக்குத் தெரிவது பன்றி மட்டுந்தான். அதன் பக்கத்தில் நிற்பது யாது, பின்னால் வரம்பில் வருபவர் யார் என்பது தெரியாது. பன்றி ஓர் அடி நகர்ந்தாற் கண்ணாடிக்குள் வெறும் புல்லே தோன்றும். மீண்டும் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அது வேலிக்கு அப்பால் போய்விடும். 4 மடங்கில் அதே 30 மீற்றரில் ஏறத்தாழ 3 மீற்றர் அகலந் தெரியும். ஒன்றரை மடங்கிலோ 6 மீற்றருக்கு மேல் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். தொலைநோக்கி ஒளியை உண்டாக்குவதில்லை. வருகின்ற ஒளியைச் சேர்த்துக் கண்ணுக்கு அனுப்புகிறது, அவ்வளவே. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தாற் பிரித்தால், பின்புறமாக வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டங் கிடைக்கும். 32ஐ 4ஆற் பிரிக்க 8 மில்லிமீற்றர். 40ஐ 9ஆற் பிரிக்க 4.4 மில்லிமீற்றர். இளைஞரின் கண்மணி இருளில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வரை விரியும். அறுபது வயதை அடைந்தவருக்கு அது 5 மில்லிமீற்றர் அளவிலேயே நின்றுவிடும். ஆகவே கருக்கலில் 9 மடங்கு வைத்துப் பார்ப்பவரின் கண்ணுக்குப் போதிய ஒளி சேர்வதில்லை. படம் மங்கலாகவே தெரியும். சாதாரண 4 x 32 இவ்விடயத்தில் விலைகூடிய பலவற்றை வென்றுவிடும். நிலவுமில்லாத நள்ளிரவிலோ எந்தக் கண்ணாடியும் எதையுங் காட்டப்போவதில்லை. "இருட்டிலுஞ் சுடலாம்" என்ற விளம்பரம் இவ்வகைக் கண்ணாடிகளைப் பொறுத்தமட்டில் பொய்.

மூன்றாவதாகக் கண்ணின் தூரத்தைக் கவனிக்கவேண்டும். கண்ணாடியின் பின்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண்ணை வைத்தால் முழுப் படமுந் தெரிகிறதோ, அத்தூரம் 9 அல்லது 10 சென்டிமீற்றராவது இருத்தல் அவசியம். நடுத்தரக் குழல் ரைபிளும், கனத்த தோட்டா இட்ட 12 போரும் தோளைப் பலமாகப் பின்னுதைக்கும். கண்ணாடி அருகில் இருக்குமாயின் அதன் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். பரணில் இருந்து கீழ்நோக்கிச் சுடும்போதும், உடலை மடக்கி இருந்து சுடும்போதும் தலை முன்னுக்குச் சாய்வதால் இவ்வபாயம் இரட்டிக்கும். காற்றுத் துவக்குக்கெனச் செய்யப்பட்ட மலிவான கண்ணாடிகளைச் சிலர் வாங்கிப் பூட்டுகின்றனர். இவை தோட்டாவின் உதைப்பைத் தாங்குவதற்கென ஆக்கப்பட்டவையல்ல. பத்து வெடிக்குள் உள்ளே வில்லை அசைந்துவிடும். வெளியே பார்த்தால் எக்குறையுந் தெரியாது.

நான்காவது, குறுக்குக்கம்பி. நூல்போன்ற மெல்லிய கம்பி பகலில் அழகாயிருக்கும். கருக்கலிற் கறுத்த பன்றியின்மேல் அது மறைந்துபோகும். ஓரங்களிற் தடித்தும் நடுவில் மெலிந்தும் உள்ளதே வேண்டும். அமெரிக்காவின் லியூபோல்ட் நிறுவனம் 1962இல் இத்தகைய கம்பியை வெளியிட்டது. இன்று அநேகமாக எல்லாரும் அதையே பின்பற்றுகின்றனர்.

இன்னுமொன்றைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடியை மேசைமீது அசையாமல் வைத்து, தெருவுக்கு அப்பாலுள்ள ஒரு புள்ளியிற் குறுக்குக்கம்பியைப் பொருத்துங்கள். பின் கண்ணாடியைத் தொடாமல் உங்கள் தலையை மட்டும் சிறிது மேலுங் கீழும் அசையுங்கள். கம்பி அப்புள்ளியை விட்டு நகர்வதுபோலத் தோன்றுமாயின், அது அத்தூரத்திற்கு ஏற்ப அமைக்கப்படாத கண்ணாடி. இதனை இடமாறு தோற்றம் என்பர். ரைபிள் கண்ணாடிகள் பெரும்பாலும் 100 யார் தூரத்திற்கு ஏற்பச் செய்யப்படுகின்றன. வேட்டைத் துவக்குக்கானவை 50 யார் அளவிற்குச் செய்யப்படுகின்றன. நாம் சுடும் தூரம் 30 மீற்றர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இவற்றையெல்லாங் கூட்டிப் பார்த்தால், நடுத்தரக் குழல் ரைபிள் வைத்துக் காட்டோரத்திற் காவல் செய்பவருக்கும் ஏற்றது ஒன்று அல்லது ஒன்றரை மடங்கிலிருந்து 4 மடங்கு வரை மாறக்கூடிய சிறு கண்ணாடியே. அல்லது மாறாத 4 மடங்கு. அதற்கு மேற்பட்டதெல்லாம் மலைச்சரிவில் 200, 300 மீற்றர் தூரஞ் சுடும் நாடுகளுக்குரியவை. ருத்திரப்பிரயாகையில் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926ஆம் ஆண்டு மே மாதம் ஜிம் கோர்பெட் சுட்டது ஒரு மாமரத்தின் மேலிருந்து, சில யார் தூரத்தில், மின்விளக்கின் ஒளியில். தொலைநோக்கி எதுவும் இருக்கவில்லை. பல இரவுகள் காத்திருந்த பொறுமையே அங்கே வேலை செய்தது.

நமது 12 போருக்கு எது?

எஸ்.ஜீ. எனப்படும் பெருஞ் சன்னத் தோட்டாவையே பன்றிக்குப் பயன்படுத்துவர். ஓர் அவுன்சு ஈயத்தில் 8 சன்னம் என்பது இதன் கணக்கு; சாதாரணத் தோட்டா ஒன்றில் 8 அல்லது 9 இருக்கும். இச்சன்னங்கள் 30 மீற்றருக்குள் ஒரு கூட்டமாகச் செல்லும். 50 மீற்றரில் அவை வெகுவாகச் சிதறிவிடும். ஒன்றிரண்டு பன்றியின் வயிற்றிலோ தொடையிலோ படலாம். அவ்வாறு காயப்பட்ட பன்றி அன்றிரவே சாவதில்லை. அது பற்றைக்குள் கிடந்து, மறுநாள் விறகுக்கோ மாட்டைத் தேடியோ போகும் ஒருவரைத் தாக்கும்.

இதனால் ஓர் உண்மை வெளிப்படுகிறது. சன்னத் தோட்டாவுக்குத் தொலைநோக்கி பூட்டுவதனால் துவக்கின் எட்டுந்தூரம் ஒரு முழங்கூடக் கூடுவதில்லை. கண்ணுக்கு மட்டும் தூரம் கிட்டவாகத் தோன்றும். 60 மீற்றரில் நிற்கும் பன்றி 15 மீற்றரில் நிற்பதுபோலக் கண்ணாடி காட்டும்; கை விசையை இழுக்கும்; சன்னம் சிதறும். இந்த மயக்கமே காயப்பட்ட விலங்குகளுக்கு ஒரு காரணமாகிறது. ஆகவே சன்னத் தோட்டாவை மட்டும் பயன்படுத்துவோர் தொலைநோக்கி வாங்கற்க என்பதே எமது துணிபு. குழல் நுனியிலுள்ள குறிமணியே போதும். அது மங்கிவிட்டிருந்தால் ஒரு துளி வெள்ளைத் தீந்தை பூசுங்கள்; செலவு அவ்வளவுதான்.

ஆனால் கண்பார்வை குறைந்த முதியவர்களின் குறை உண்மையானது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அருகிலுள்ள குறிமணியும் தூரத்திலுள்ள விலங்கும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. இவர்களுக்குச் செம்புள்ளிக் குறிகாட்டி என்ற ஒரு வகை உண்டு. சுவீடன் நாட்டில் 1975இல் எய்ம்பொயின்ற் என்ற பெயரில் இது முதலில் விற்பனைக்கு வந்தது. பெருப்பித்துக் காட்டாத ஒரு கண்ணாடியினூடே சிவந்த ஒளிப்புள்ளி ஒன்று தெரியும். அது இலக்கின் மேலேயே நிற்பதுபோலத் தோன்றுவதாற் கண் ஒரே தூரத்தை நோக்கினாற் போதும். இரண்டு கண்ணையுந் திறந்தபடி பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவையுந் தெரியும். புள்ளியின் ஒளியைக் குறைக்க முடிகிறதா என்று வாங்குமுன் பாருங்கள். பளிச்சென்ற புள்ளி இரவிற் கண்ணைக் கூசவைத்து, பன்றியை முற்றாக மறைத்துவிடும். ஒற்றைக் குண்டுத் தோட்டா இடுபவர்களுக்கும் இதுவே பொருத்தம். அக்குண்டு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வரை சென்று விழக்கூடியதாகையால், வீடுகள் சூழ்ந்த காணிகளில் அதை இடாதிருப்பது நன்று. வீட்டிலே ஈயத்தை உருக்கி வார்த்த உருண்டையை ஒருபோதும் இடவேண்டாம். நுனி ஒடுங்கிய குழலில் அது இறுகிக் குழலையே வெடிக்கச் செய்யும்.

எவ்வகைக் குறிகாட்டியை வைத்திருந்தாலும், உங்கள் துவக்கு எப்படிச் சுடுகிறது என்பதைக் கடதாசியிற் பார்த்தறிதல் வேண்டும். பழைய செய்தித்தாள்களை ஒட்டி ஒரு கசம் சதுரமாக்குங்கள். நடுவில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை வைத்து வட்டம் கீறுங்கள். பன்றியின் நெஞ்சுப்பகுதி அவ்வளவே. பொலிசாருக்கு முன்னறிவித்து, பின்னால் உயர்ந்த மண்மேடு உள்ள இடத்தில், 20 மீற்றரில் ஒன்றும் 30 மீற்றரில் ஒன்றுமாக ஒவ்வொரு குழலாலும் சுடுங்கள். வட்டத்திற்குள் நான்கு சன்னமாவது விழும் தூரமே உங்கள் துவக்கின் தூரம். இரட்டைக்குழல் துவக்கில் இரு குழலும் ஒன்றுபோலச் சுடுவதில்லை. ஒன்று அகல விரிக்கும், மற்றது ஒடுக்கி அனுப்பும். எது எதுவென்று சொந்தக்காரருக்கே தெரியாதிருத்தல் உண்டு. நான்கு தோட்டாவின் செலவிற் கிடைக்கும் இவ்வறிவை எந்தக் கண்ணாடியுந் தராது.

தூரம் தெரிந்தபின் அதை நிலத்திற் குறித்து வையுங்கள். சாதாரண நடையில் 40 எட்டு வைத்தால் ஏறத்தாழ 30 மீற்றர். காவற் பரணைச் சுற்றி அத்தூரத்தில் நாற்புறமும் தடி நாட்டி, நுனியிற் சுண்ணாம்பு பூசிவிடுங்கள். தடிக்கு அப்பால் நிற்கும் பன்றிக்கு வெடி இல்லை, சத்தமும் வெளிச்சமுமே.

வெளிச்சமும் அடையாளமும்

இத்துண்டுப்பிரசுரத்தில் மற்றெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். துவக்கின்மேற் பூட்டிய தொலைநோக்கி சுடுவதற்கானது, தேடுவதற்கானதன்று. "அங்கே அசைவது யாது?" என்று கண்ணாடியாற் பார்ப்பதென்றால், துவக்கின் வாயையும் அத்திசைக்கே திருப்புகிறீர்கள். அங்கே நிற்பது தண்ணீர் கட்ட வந்த அயலவராக இருக்கலாம். சிறுபோகத்தில் நீர் முறைக்கு இரவிலே வயலுக்குப் போகாத கமக்காரர் யார்? தேடுவதற்குக் கைமின்விளக்கு, வசதியிருந்தாற் கையிற் பிடிக்கும் இருகண் தொலைநோக்கி. அடையாளங் கண்டபின்னரே துவக்கைத் தோளுக்கு எடுத்தல் வேண்டும்.

மின்விளக்கொளியில் இரு கண்கள் மின்னுவதை மட்டும் கண்டு சுடுவது பெருங்குற்றம். மாடும் எருமையும் ஆடும் நாயும் கண் மின்னும். இப்பகுதியிலே மாடுகளை அவிழ்த்துவிட்டு வளர்ப்போர் பலர். ஒரு கறவைப் பசுவின் நட்டம் அழிந்த பாத்தியின் நட்டத்திலும் பெரிது. பன்றியின் முழு உருவமும், அதன் பின்னால் வெறுநிலமும் தெரிந்தாலன்றி விசையில் விரல் படலாகாது. கிழக்கே கருவலகஸ்வெவப் பக்கத்தில் யானைகள் நடமாடுவதை யாவரும் அறிவர். யானைக்குச் சன்னத்தால் சுடுவது அதைக் கொல்லாது. சீழ்பிடித்த காயத்தோடு சினங்கொண்ட விலங்காக மாற்றி, அடுத்த கிராமத்திற்கு அனுப்பும். அது சட்டப்படியும் கடுங்குற்றம்.

வெப்பத்தைக் கண்டு உருவங்காட்டும் இரவுக் கண்ணாடிகளும் இக்காலத்தில் வந்துள்ளன. அவற்றின் விலை ஒரு சாதாரணக் கமக்காரருக்கு எட்டாதது. மேலும் அவை சூடான உருவை வெளிச்சமாகக் காட்டுமேயன்றி, இடையிலுள்ள வேலிக்கம்பியையோ பின்னால் உள்ள குடிசைச் சுவரின் மறுபுறத்தில் உறங்குபவரையோ காட்டுவதில்லை.

பரணின் உயரம்

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நிலத்தில் நின்று சுடுபவரின் துவக்கு ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 30 மீற்றரில் நிற்கும் பன்றியின் நெஞ்சு ஏறத்தாழ 40 சென்டிமீற்றர் உயரம். இங்கே சன்னம் மிகச் சிறிய சரிவிலேயே செல்கிறது. பதற்றத்தில் குறி ஒரு மீற்றரளவு மேலே போய்விட்டால், சன்னம் நிலத்துக்குச் சமாந்தரமாகப் பறக்கத் தொடங்கும்; எஸ்.ஜீ. சன்னம் 600 மீற்றர் வரை சென்று விழக்கூடியது. பரணில் அமர்ந்து, துவக்கு 3 மீற்றர் உயரத்தில் இருக்குமாயின், அதே தவறு நேர்ந்தாலும் சன்னம் 60 மீற்றருக்குள் மண்ணிற் பாய்ந்துவிடும். தொலைநோக்கிக்குச் செலவிடும் பணத்தை நான்கு பனங்குற்றிகளுக்கும் ஓர் ஏணிக்குஞ் செலவிடுங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

நீர் நிற்கும் வயலும் காய்ந்து இறுகிய தரையும் வேறு அபாயமுடையவை. தட்டையாக வரும் ஈயம் நீரின்மேற் பட்டுத் தெறித்தெழும். சிறுவர் குளத்தில் ஓடு எறிவதுபோலத்தான். பரணின் உயரம் இதனையும் குறைக்கும். பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் துவக்கிற் தோட்டா இருக்கலாகாது. கயிற்றிற் கட்டி, வெறும் துவக்காக மேலே இழுத்துக்கொள்க. பரணிலிருந்து எத்திசைகளிற் சுடலாம், எவற்றிற் சுடலாகாது என்பதைப் பகலிலேயே அயற்காணிக்காரரோடு கூடிப் பார்த்து, சுடத்தகாத பக்கத்திற் கண்மட்டத்திற்கு ஒரு குறுக்குத்தடி கட்டிவிடுங்கள். இருட்டில் குழல் அத்தடியில் முட்டியதும் கை நின்றுவிடும்.

கருவியைப் பேணல்

கண்ணாடி பூட்டத்தான் வேண்டுமென்று தீர்மானித்தோருக்குச் சில சொற்கள். முந்தல், புத்தளம் களப்புகளின் உவர்க்காற்று இரும்பை விரைவில் தின்னும். கண்ணாடியைத் துவக்கோடு பிணைக்கும் வளையங்களின் திருகாணிகளே முதலிற் துருப்பிடித்துத் தளரும். மாதம் ஒருமுறை அவற்றை இறுக்கிப் பாருங்கள். குழலின் உட்புறத்தில் நைதரசன் வாயு நிரப்பி அடைக்கப்பட்டதாக இருத்தல் அவசியம். இம்முறை நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. அவ்வாறு அடைக்கப்படாத கண்ணாடி பனிக்காலத்து விடியலில் உள்ளே வியர்த்து, ஒன்றுந் தெரியாமற் போய்விடும். வில்லையைச் சாரத்தாலோ சேலைத்தலைப்பாலோ துடைக்கவேண்டாம். மணற்றுகள் கீறிவிடும். முதலில் ஊதி, பின் பழகிய மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க. எண்ணெய் இரும்புக்கே, வில்லைக்கன்று.

மாரியில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். இதற்கு மலிவான மருந்து நம் அடுப்படியிலேயே உண்டு. ஒரு பிடி அரிசியை நன்றாக வறுத்து, ஆறவிட்டு, துணியில் முடிந்து, கண்ணாடியுடன் தகரப்பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். வாரம் ஒருமுறை அரிசியை மாற்றாவிட்டால் வண்டு பிடிக்கும்.

கண்ணாடியைக் கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு முறையும் மீண்டும் கடதாசியிற் சுட்டுப் பார்த்தே திருத்தவேண்டும். திருத்தும் குமிழில் ஒரு 'கிளிக்' என்பது 100 மீற்றரில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நகர்வு. 25 மீற்றரில் அது நான்கிலொரு பங்கே. ஆகவே 25 மீற்றரில் 5 சென்டிமீற்றர் கீழே பட்டால், 7 கிளிக்கன்று, 28 கிளிக் மேலே திருப்பவேண்டும். இக்கணக்கை அறியாமற் தோட்டாவை வீணாக்குவோர் பலர்.

சட்டம்

துவக்கு வைத்திருத்தல் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்திற்கு அமைந்தது. அநுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். அது எவர் பெயரில் உள்ளதோ அவரே சுடலாம். மகனிடமோ காவலாளிடமோ கொடுத்தனுப்புதல் குற்றமாகும். தொலைநோக்கியோ குறிகாட்டியோ பூட்டுமுன், அதற்குத் தடையில்லை என்பதைப் பிரதேச செயலகத்திலும் பொலிசு நிலையத்திலும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எவ்விலங்கைச் சுடலாம், சுட்டபின் என்ன செய்யலாம் என்பவை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்திற்கு உட்பட்டவை. அச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. பன்றி இறைச்சியை எடுத்துச் செல்வதற்கும் விற்பதற்கும் முன் வனசீவராசிகள் அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டறிதல் நன்று. மானும் மரையும் மயிலும் பாதுகாக்கப்பட்டவை. மயில் மிளகாய்க் கன்றைக் கொத்துகிறதென்று துவக்கை எடுத்தல் ஆகாது.

கட்டுத்துவக்கும், உணவிற் பொதிந்த வெடியும், வீட்டு மின்சாரத்தைக் கம்பியிற் பாய்ச்சுவதும் முற்றாக விலக்கப்பட்டவை. இவை பன்றியென்றும் பிள்ளையென்றும் பார்ப்பதில்லை.

அயல்நாட்டவர் இவ்விடயத்தில் எடுத்த வழி கவனிக்கத்தக்கது. கேரளத்தில் 2022இல் உள்ளூராட்சித் தலைவர்களுக்கு, பயிரழிக்கும் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரம் அளிக்கப்பட்டது; அநுமதி பெற்ற துவக்காளர் பெயர்ப்பட்டியலில் உள்ளவரே சுடுவர். தமிழ்நாட்டில் 2025இல், ஒதுக்குக் காட்டிலிருந்து 3 கிலோமீற்றருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதென முடிவாயிற்று. இரண்டிடத்தும் தனிக் கமக்காரர் தனியே இருளில் நின்று சுடுவதைக் குறைப்பதே நோக்கமாகக் காணப்படுகிறது. நம்மிடையேயும், ஒரே வாய்க்காலில் நீர்பெறும் பத்துக் காணிக்காரர் கூடி, குறிதவறாத ஒருவருக்கு அநுமதி பெறச் செய்து, மற்றையோர் முறைவைத்து விளக்கும் பறையுமாய்க் காவலிருப்பார்களாயின், பத்துத் துவக்கும் பத்துத் தொலைநோக்கியும் தேவைப்படா. இதுபற்றி உங்கள் கமக்கார அமைப்பின் அடுத்த கூட்டத்திற் பேசுங்கள். கூட்டத்தின் நாளை அறிவித்தால், பரண் அமைக்க ஏற்ற இடங்களைப் பார்த்துக் கூற நாமும் வருவோம். கடதாசியிற் சுட்டுப் பார்த்தவர்கள் அத்தாளையுங் கொண்டுவருக.